பழைய மாணவர் சந்திப்புக்கு யாரையெல்லாம் கூப்பிடுறோம்?

பழைய பள்ளிக்கூடத்து ஆளுங்க நாலு பேரு ஒண்ணு சேந்தா மொதப் பேச்சு அடி பத்தித்தான். எந்த சார் எதால அடிச்சாரு, புளிய விளாறா, மூங்கில் பிரம்பா, டஸ்டரோட கட்டப் பக்கமா, முட்டி போட்டது வெயில்லயா வராண்டாவுலயா, கணக்கு சார் காதப் புடிச்சு எத்தன சுத்து முறுக்குவாரு, இதுலயே ஒரு மணி நேரம் ஓடிரும். 2024 மே மாசம், கத்திரி வெயில்ல, கோவில்பட்டியில ஒரு கல்யாண மண்டபத்துல நாங்க 94-ல பிளஸ் டூ முடிச்ச செட்டு கூடினப்பவும் இதேதான் நடந்துச்சு. ஒருத்தன் போலீஸ்ல இன்ஸ்பெக்டர், ஒருத்தன் பேங்க்ல மேனேஜர், ஒருத்தன் திருப்பூர்ல பனியன் யூனிட் வச்சிருக்கான், எல்லாவனும் அம்பதத் தொடப் போறோம், ஆனா அன்னிக்கு வாங்குன அடிய மெடல் கணக்கா எடுத்து எடுத்துக் காட்டிக்கிட்டு இருக்கோம்.

எனக்கு இந்த அடிப் பேச்சு சலிச்சுப் போச்சு. "அன்னிக்கு சார் அடிக்கலன்னா நான் இன்னிக்கு இந்த நெலமைக்கு வந்திருக்க மாட்டேன்"னு ஒருத்தன் மைக்கப் புடிச்சு சொல்றான், கூட்டமே கைதட்டுது. எங்க கூடப் படிச்சு இப்ப விளாத்திகுளம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில ஹெச்.எம்.மா இருக்கிற தோழி மட்டும் தட்டல. "அடி தாங்காம நின்னு போனவன் மைக்கப் புடிக்க இங்க வரலல்ல"ன்னு என் பக்கம் திரும்பி சத்தமில்லாம சொன்னா. அவ சொல்றதுல நியாயம் இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17-ஆவது பிரிவு பிள்ளைகள அடிக்கவும் கூடாது, மனசு நோகப் படுத்தவும் கூடாதுன்னு சொல்லுது. அது அமலுக்கு வந்தது 2010 ஏப்ரல், நாங்க வெளிய வந்து பதினாறு வருசம் ஆயிருச்சு. எங்க காலத்துல "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க சார்"னு அப்பாமாரே சொல்லித்தான் சேத்து விடுவாக. அதத் தாங்கினவனுக்கு அது சிரிப்புக் கதை ஆயிருச்சு. தாங்காதவன் கதைய யாரு கேட்டா?

ஸ்கூல் பேரு சொல்லல, சொன்னா நாளைக்கே நாலு பேரு போன் போட்டு சண்டைக்கு வருவான். கோவில்பட்டியிலருந்து பஸ்ல போற தூரத்துல ஒரு பெரிய ஊரு, அரசு மேல்நிலைப் பள்ளி, ஆம்பளப் புள்ளையும் பொம்பளப் புள்ளையும் சேந்து படிச்சது. சுத்தி கரிசக்காடு, பருத்தியும் கம்பும் உளுந்தும் வானம் பாத்து வெதைக்கிற பூமி. ஐப்பசி மழையில செருப்போட நடந்தா செருப்பு மண்ணோட போயிரும், வெறுங்காலு வந்துரும், அதுலயும் பாதிப்பேருக்கு செருப்பே கெடையாதுங்கிறது வேற விசயம். ஓட்டுக் கட்டடம் ரெண்டு, காங்கிரீட் கட்டடம் ஒண்ணு, எடம் பத்தாத கிளாஸுக்கெல்லாம் வேப்பமரம். நான் அங்க ஆறாங்கிளாஸ் சேந்தது 1987. அதுக்கு முந்தின அக்டோபர்லதான் திருநெல்வேலிய ரெண்டாப் பிரிச்சு எங்க பக்கத்த சிதம்பரனார் மாவட்டம்னு ஆக்கியிருந்தாங்க. அதனால பிறப்புச் சான்றிதழ்ல திருநெல்வேலி, டி.சி.யில சிதம்பரனார், 97-ல தலைவர்கள் பேரையெல்லாம் மாவட்டத்துலருந்து எடுத்தப்புறம் ரேஷன் கார்டுல தூத்துக்குடி. ஆளு நகரவே இல்ல, மூணு மாவட்டம் பாத்தாச்சு. மண்டபத்துல இதச் சொல்லிச் சிரிச்சோம், பாஸ்போர்ட் எடுக்கப் போனப்ப இதுக்காக அலைஞ்சவன் ஒருத்தன் மட்டும் சிரிக்கல.

ஆறாங்கிளாஸ்ல ஏ, பி ரெண்டு செக்‌ஷன், நூறுக்குக் கொஞ்சம் கொறைய இருப்போம். பத்தாவது பரிட்ச எழுதுறப்ப அதுல பாதி. பதினொண்ணுல சுத்துப்பட்டு ஊரு ஸ்கூல்லருந்து வேற ஆளுங்க வந்து சேந்தாங்க. ஆகக்கூடி "94 செட்டு"ன்னு நாங்க பேனர் அடிச்சு மாட்டிக்கிட்டது, ஆறாங்கிளாஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த கூட்டத்துல மிஞ்சின கொஞ்சப் பேரையும் வேற ஊருக்காரங்களையும் சேத்துத்தான்.

மிச்சம் எங்க போச்சுன்னு எங்க ஊருக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்ல. தீப்பெட்டி ஆபீஸ்தான், எங்க பக்கம் தீப்பெட்டி ஆலைய ஆபீஸ்னுதான் சொல்லுவோம். விடியக்காலம் இருட்டோட ஆபீஸ் பஸ் வந்து ஊரு முக்குல ஹாரன் அடிக்கும், தூக்குவாளியோட சின்னதும் பெருசுமா ஏறும். கட்டை அடுக்குறதுன்னு ஒரு வேல, காடி காடியா இருக்கிற சட்டத்துல குச்சிய ஒண்ணொண்ணா பிடிச்சு வச்சு அடுக்கணும், அப்புறந்தான் அத மருந்துல முக்குவாங்க. சின்ன வெரலு இருந்தா வேகமா ஓடும்னு புள்ளைகளத்தான் அதுக்குத் தேடுவாங்க. எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆபீஸுக்குப் போகாத வீட்டுல பெட்டி ஒட்டுறது நடக்கும், ஏஜெண்ட் வந்து தாளும் சிலும்பும் எறக்கிட்டுப் போவாரு, கெழங்கு மாவுல காச்சின பசை, ஒரு குரோசுன்னா 144 பெட்டி. நானே அம்மாவோட உக்காந்து ஒட்டியிருக்கேன், எங்க கிளாஸ்ல பெட்டி ஒட்டாத கை ரொம்பக் கம்மி. வீட்டுப்பாடம் எழுதலன்னு மறுநா அடி வாங்கினவங்கள்ல பாதிப்பேரு ராத்திரி பெட்டி ஒட்டிட்டு தூங்கினவன்தான். அது அந்த சாருக்கும் தெரியும்.

1986-லயே சட்டம் வந்திருச்சு, பதினாலு வயசுக்குக் கீழ தீப்பெட்டித் தொழில்ல வைக்கக் கூடாதுன்னு. ஆனா வீட்டுல குடும்பத்தோட சேந்து செஞ்சா அந்தத் தடை பொருந்தாதுன்னும் அதே சட்டத்துல இருந்துச்சு. பெட்டி ஒட்டுறது அப்படித்தான் தப்பிச்சுது. சிவகாசிப் பக்கத்து தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள வச்சு சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர்ல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, புள்ளைய வேலைக்கு வச்ச முதலாளி ஒவ்வொரு புள்ளைக்கும் இருபதாயிரம் ரூவா கட்டணும், அந்தப் பணம் அந்தப் புள்ளையோட நலனுக்குப் போகணும்னு. எங்க கூட ஆறாவது படிச்சவனுக்கெல்லாம் அப்ப வயசு இருபது. ஆபீஸ்லயே சீனியர் ஆயிட்டான்.

எங்க தமிழய்யாவ இந்த எடத்துல சொல்லியாகணும். சாயங்காலம் பெல் அடிச்சதும் சைக்கிள எடுத்துக்கிட்டு, யாரு ஒரு வாரமா வரலையோ அவன் ஊருக்கு நேரா போயிருவாரு. வீட்டு வாசல்ல உக்காந்து காப்பி குடிக்காம எந்திரிக்க மாட்டாரு, அத்தன நேரமும் பையன் படிப்பப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டாரு, மழ வந்துச்சா, உளுந்து எப்படி, ஆடு எத்தன உருப்படின்னு பேசிக்கிட்டே இருந்துட்டு கெளம்பும்போது "நாளைக்கி பையன அனுப்பி வைங்க, ஒரு சோலி இருக்கு"ம்பாரு. மறுநா பையன் வருவான். சோலி ஒண்ணும் இருக்காது. நாலஞ்சு பேரு அப்படித்தான் பத்தாவது தாண்டினான், அந்த இன்ஸ்பெக்டரும் அதுல ஒருத்தன். அய்யா இப்ப இல்ல. மண்டபத்துல வச்சிருந்த போட்டோவுக்கு எல்லாரும் பூ போட்டோம், அடிச்ச சார்மாருங்கள பத்தி பேசின நேரத்துல கால்வாசி கூட அவரப் பத்திப் பேசல. அவரு யாரையும் அடிச்சதில்ல, அதனால சொல்லிச் சிரிக்க கதை கெடைக்கல போல.

சத்துணவுப் பேச்சு வந்தப்பத்தான் கூட்டம் உண்மையிலயே கலகலன்னு ஆச்சு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில சின்னப் புள்ளைகளுக்குன்னு ஆரம்பிச்சத 84-ல பத்தாவது வரைக்கும் நீட்டினாரு, நாங்க ஆறாவது வந்தப்ப அது நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. மதியம் மணி அடிச்ச உடனே தட்டத் தூக்கிக்கிட்டு ஓட்டம், சாம்பார் சோறு, அதுல முருங்கக்கீரையோ பூசணிக்காயோ கெடக்கும். ஆயாம்மாவுக்குப் புடிச்சவனுக்கு அடியிலருந்து கலக்கி ஊத்துவாக, புடிக்காதவனுக்கு மேல தெளிவா ஊத்துவாக. 89-ல கலைஞர் ஆட்சியில ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்ட போட ஆரம்பிச்சாங்க. முட்ட போடுற அன்னிக்கு அட்டெண்டன்ஸப் பாக்கணுமே, ஆபீஸ் பஸ்ஸுல போறவன் கூட அன்னிக்கு யூனிபார்ம மாட்டிக்கிட்டு வந்து நிப்பான். பேங்க் மேனேஜர் சொன்னான், அவன் முட்டைய அங்க திங்காம டவுசர் பையில வச்சு வீட்டுக்குக் கொண்டு போயி தங்கச்சியோட பாதியாக்கித் தின்னிருக்கான், காக்கி டவுசர்ல மஞ்சக்கரு ஒட்டி அம்மாகிட்ட மாட்டுன கதையும் சேத்துத்தான். அவன் அதச் சொல்லும்போது யாரும் குறுக்க பேசல, ஏன்னா பாதிப்பேரு வீட்டுல அதான் நெலம. டிபன் பாக்ஸ்ல இட்லி கொண்டு வந்த ரெண்டு மூணு பேரு அன்னிக்கு மாதிரியே இன்னிக்கும் கொஞ்சம் ஒதுங்கி நின்னாங்க, சொல்றதுக்கு ஒண்ணுமில்லையே.

ஹாக்கிய விட்டுட்டு கோவில்பட்டிக்காரன் எழுத முடியாது. எங்க ஊருகள்ல கிரிக்கெட்ட விட ஹாக்கிக்கு ஒரு தனி மவுசு, டவுன்ல நடக்கிற ஆல் இந்தியா டோர்னமெண்ட் பாக்க லாரியில ஏறிப் போவோம். ஸ்கூல்ல நல்ல ஸ்டிக்கு பி.டி. சார் ரூம்ல பூட்டிக் கெடக்கும், டீமுக்கு மட்டுந்தான் குடுப்பாரு. மத்தவனுக்கெல்லாம் வேலிக்கருவையில வளஞ்ச கம்பா பாத்து வெட்டிச் செதுக்கினதுதான். அந்தக் கம்பு வச்சு ஆடினதுலயே ஒருத்தன் இருந்தான், ஒல்லியா, கறுப்பா, பந்து அவன் கம்ப விட்டுப் போகாது. ஏழாவதுலயே பெரிய டீமுல எடுத்துட்டாங்க. எட்டாவது அரையாண்டுக்கு அப்புறம் ஆளக் காணோம். 2022-ல ஜகார்த்தா ஆசியக் கோப்பையில எங்க ஊரு மாரீஸ்வரன் இந்தியா டீமுல ஆடி வெண்கலம் வாங்கிட்டு வந்தப்ப எங்க குரூப்ல பயலுக போட்ட ஸ்டேட்டஸ் இருக்கே, சொந்தத் தம்பி ஆடின கணக்கா. அன்னிக்கு ராத்திரி ஒருத்தன் மட்டும் ஒரு வரி போட்டான்: "ஏலே, நம்ம எட்டாவது பி-யில ஒருத்தன் ஆடுவானே, அவன் பேரு என்ன?" யாருக்கும் சட்டுன்னு ஞாபகம் வரல. பட்டப்பேரு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு, அத இங்க எழுத முடியாது.

அடுத்து நடந்தத எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். சாப்பாடெல்லாம் முடிஞ்சு ஃபேனுக்குக் கீழ சேர இழுத்துப் போட்டு உக்காந்திருந்தோம். மதுரையில இன்ஜினியரா இருக்கிற ஒருத்தன் பேச ஆரம்பிச்சான். வருசா வருசம் ஜூலை மாசம் ஸ்காலர்ஷிப் பாரம் வரும்போது கிளாஸ் சார் "எஸ்.சி. பயலுகல்லாம் எந்திரிங்கடா"ம்பாரு, எண்ணிட்டு, பேரு எழுதிட்டு, உக்காரச் சொல்ல மறந்துருவாரு. பீரியடு முடியிற வரைக்கும் நிக்க வேண்டியதுதான். எங்க பாடப் புத்தகத்துல மொதப் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கும், தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத் தன்மையற்ற செயல்னு. "நின்னுக்கிட்டே அந்தப் பக்கத்தத்தான்டா பாத்துக்கிட்டிருப்பேன், எனக்கு அப்ப பாவத்துக்கும் குற்றத்துக்கும் என்ன வித்தியாசம்னு யோசன ஓடும்"னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். சுத்தி உக்காந்திருந்தவன் ஒவ்வொருத்தனா போனப் பாக்க ஆரம்பிச்சான், ஒருத்தன் எந்திரிச்சுப் போயி மைக்க ஆன் பண்ணி பழைய பாட்டுப் பாட ஆரம்பிச்சுட்டான், நல்லாத்தான் பாடினான்.

நாங்க வெளிய வந்த மறுவருசம், 1995-ல, தென்மாவட்டம் எப்படி இருந்துச்சுன்னு அந்த வயசுக்காரங்களுக்குத் தெரியும். பஸ்ஸுல நடந்த தகராறு சாதிக் கலவரமா ஊருக்கு ஊரு பரவி, பஸ்ஸு ஓடாம, ஆகஸ்டு கடைசியில கொடியங்குளத்துல போலீஸ் பூந்து வீடு வீடா அடிச்சு நொறுக்கினது வரைக்கும் போச்சு. அப்ப பன்னெண்டாவது படிச்ச எங்க ஜூனியர் புள்ளைகளுக்கு ஸ்கூல் ஞாபகம்னா மூடிக் கெடந்த கேட்டுதான். அதுக்கு அப்புறந்தான் என்ன சாதின்னு காட்ட கையில கலர் கலரா கயிறு கட்டுறது கூடிச்சுன்னு ஹெச்.எம். தோழி சொல்றா. 2023 ஆகஸ்டுல நாங்குநேரியில ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிக்கிற பயலுகளே வீடு பூந்து வெட்டினப்புறம் அரசாங்கம் நீதிபதி சந்துரு தலைமையில ஒரு கமிட்டி போட்டுச்சு. நாங்க மண்டபத்துல கூடினதுக்கு அடுத்த மாசம், 2024 ஜூன்ல, அறிக்கை வந்துச்சு, கயிறு கட்டக் கூடாது, ஸ்கூல் பேருலருந்து சாதி அடையாளத்த எடுக்கணும், அப்படி நெறய சொல்லியிருக்காரு. நான் அத எங்க குரூப்ல போட்டேன். ரெண்டு தம்ஸ் அப் வந்துச்சு, அப்புறம் ஒரு குட்மார்னிங் படம் வந்துச்சு, அவ்ளோதான். இன்ஜினியர் அந்தக் குரூப்ல இப்பவும் இருக்கான், ஆனா ஒண்ணும் எழுதுறதில்ல.

பொம்பளப் புள்ளைகளச் சொல்லாம விடக் கூடாது. ஆறாங்கிளாஸ்ல எங்களுக்குச் சரிக்குச் சரியா இருந்தாங்க. நீலப் பாவாட, வெள்ளச் சட்ட, ரெட்ட ஜட. ஒரு நாள் திடீர்னு ஒருத்தி வர மாட்டா, ஒரு மாசம் கழிச்சு தாவணியோட வருவா, இல்ல வரவே மாட்டா. மண்டபத்துக்கு வந்தது நாலே பேரு. கூப்பிட நம்பர் கெடச்சதே ரொம்பக் கம்மி, கெடச்ச நம்பர்லயும் வீட்டுக்காரர் எடுத்து "எந்த ஸ்கூலு, யாரு நீங்க"ன்னு கேட்டுட்டு வச்சிட்டாரு. வந்த நாலு பேருகிட்டயும் மைக்கு போச்சு, மூணு பேரு எல்லாருக்கும் நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. நாலாவது ஆளு இப்ப ஓட்டப்பிடாரம் பக்கம் அங்கன்வாடியில வேல பாக்குறா, அவ பேசினது இன்னும் காதுல கெடக்கு. "நீங்கள்லாம் மரத்தடி, கிரவுண்டு, முட்டன்னு பேசினீங்க, எங்களுக்கு ஸ்கூல்னா தண்ணி குடிக்காம இருந்ததுதான் ஞாபகம். காலையில வீட்ட விட்டு கெளம்புனா சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு குடிக்க மாட்டோம். போறதுக்கு எடமே இல்ல. இருந்த ஒண்ணுக்கும் கதவு கெடையாது"ன்னா. ஏழு வருசம் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருந்திருக்கோம், அந்தப் பானைத் தண்ணிக்கு நாங்க முண்டியடிச்சு சண்ட போட்டிருக்கோம், அவங்க ஏன் அந்தப் பக்கமே வரலன்னு ஒருத்தனுக்கும் தோணல. 2001-க்கு அப்புறம் பொம்பளப் புள்ளைகளுக்கு சைக்கிள் வந்துச்சு, இப்ப அவ பொண்ணு காலேஜ்ல புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் வாங்குறா. கதவு வந்துருச்சான்னு கேட்டேன். வந்துருச்சாம், தண்ணிதான் சில நாளு வரல.

கடைசியா பணப் பேச்சு. ஸ்கூலுக்கு ஏதாச்சும் செய்யணும்னு ஆரம்பிச்சாங்க. 2022 டிசம்பர்லருந்து நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளின்னு அரசாங்கமே திட்டம் வச்சிருக்கு, பழைய மாணவங்க நேரா பணம் போடலாம். ஸ்மார்ட் போர்டுன்னான் ஒருத்தன், ஆர்ச்சு கட்டி அதுல 94 செட்டுன்னு பேரு போடலாம்னான் இன்னொருத்தன், ஆர்ச்சுன்னா எனக்கு ஒரு வெறுப்பு, எந்த ஊர்லயும் ஆர்ச்சு வழியா நுழைஞ்சு எவனும் கூடுதலா மார்க் வாங்கினதா தெரியல. ஹெச்.எம். தோழி எந்திரிச்சு, "மொதல்ல ஆள எண்ணுங்கப்பா, அப்புறம் ஆர்ச்சு கட்டலாம். ஒவ்வொரு ஸ்கூல்லயும் அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கும், 87-ல ஆறாவது சேந்தவங்க பேரெல்லாம் அதுல இருக்கும், அவங்கள்லாம் பழைய மாணவங்க இல்லையா?"ன்னு கேட்டா. "அவனுகளக் கூப்பிட்டா அவனுகளுக்குத்தான் சங்கடம்"னு ஒரு குரல் வந்துச்சு. சங்கடம் யாருக்குன்னு எனக்கு அப்பவும் சந்தேகம், இப்பவும் சந்தேகம்.

ஸ்கூல் தொறந்த கொஞ்ச நாள்ல அவளும் நானும் போனோம். இப்ப இருக்கிற ஹெச்.எம். நல்ல மனுசன், பீரோவத் தொறந்து பழைய ரிஜிஸ்டர எடுத்துக் குடுத்தாரு. மட்டையில கரையான் அரிச்சிருக்கு, உள்ள எழுத்து தெளிவா இருக்கு. பேரு, அப்பா பேரு, தொழில், ஊரு, சேந்த தேதி. தொழில்னு போட்ட கட்டத்துல கூலி, கூலி, கூலி, விவசாயம், கூலி. கடைசிக் கட்டத்துல விலகிய தேதியும் காரணமும். "தொடர்ந்து வராததால் நீக்கம்"ங்கிறது அத்தன எடத்துல இருக்கு. பெரும்பாலும் ஜூன், ஜூலை மாசத் தேதி. கோடை லீவுல ஆபீஸுக்குப் போனவன் ரெண்டு மாசக் கூலியப் பாத்துட்டு திரும்பி வரல, விசயம் அவ்ளோதான். ஹாக்கி ஆடினவன் பேரு அங்கதான் கெடச்சுது. படிக்கப் படிக்க மொகம் மொகமா ஞாபகம் வருது, ஒருத்தனுக்கு ஆறு வெரலு, ஒருத்தி என்ன கேட்டாலும் பாட்டாவே பதில் சொல்லுவா, ஒருத்தன் சிலேட்டுக் குச்சி திம்பான்.

ஹாக்கிக்காரனக் கண்டுபுடிக்க ரொம்ப மெனக்கெடல. ஊருல கேட்டா தெரிஞ்சிருது, நாங்கதான் கேட்டதில்ல. கோவில்பட்டியிலயே ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரியா இருக்கான், இப்பல்லாம் மெஷின்தான் குச்சி அடுக்குது. பெட்டி ஒட்டின கைகளும் கொறஞ்சு போச்சுன்னான். 2021 டிசம்பர்ல ஒரு ரூவா தீப்பெட்டி ரெண்டு ரூவா ஆனதுக்கு நாங்க டீக்கடையில வையுறோம், அவன் மெழுகு வெல, அட்ட வெல, பொட்டாசியம் குளோரேட் வெலன்னு ஒவ்வொண்ணா சொல்லி பதினாலு வருசமா ஒரு ரூவாயிலயே எப்படி ஓட்டினோம்னு எங்களுக்கு வெளக்குறான்.

எங்கள அடையாளம் தெரிஞ்சுக்கிட்டான். என்னைய "கண்ணாடி"ன்னான், ஆறாவதுல நான் ஒருத்தன்தான் கண்ணாடி. ஸ்கூல் பத்தி அவனுக்கு இருக்கிற ஞாபகத்துல பாதி எங்க யாருக்கும் இல்ல. வாட்ச்மேன் எந்த ஊரு, அவரு பெல் அடிக்கிற தண்டவாளத் துண்டு எந்த மரத்துல தொங்கும், பி செக்‌ஷன் ஓட்டுல எத்தனாவது ஓடு ஒடஞ்சு மழ ஒழுகும், தமிழய்யா சைக்கிள்ல எந்தப் பக்கம் பெடல் கழண்டிருக்கும், கேட்டா கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றான். தமிழய்யா அவன் வீட்டுக்கும் போயிருக்காரு, ரெண்டு மட்டம். மூணாவது மட்டம் வந்தப்ப அவன் காட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டானாம். அப்பாவுக்கு அப்ப கால் ஒடஞ்சு கெடந்துச்சு, பெரியவன் இவன்தான். "வந்திருவேன்னு பயந்துதான்டா ஒளிஞ்சேன், அவரு பேசினா வந்திருவேன்ல"ன்னான். அவன் மகன் இப்ப கோவில்பட்டியில ஹாக்கி ஆடுறான், செயற்கைப் புல் தரையில, நல்ல ஸ்டிக்கு வச்சு. அதச் சொல்லும்போது மட்டும் போன எடுத்து போட்டோ காட்டினான், முப்பது நாப்பது போட்டோ இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு ரிஜிஸ்டர்ல இருக்கிற அத்தன பேரையும் கூப்பிடப் போறோம்னு சொன்னோம். பாதிப்பேரு எங்க இருக்கான்னு அவனே சொன்னான், ஆறு வெரலுக்காரன் கயத்தாறுல ஆட்டோ ஓட்டுறான், பாட்டுப் பாடுறவ பாண்டிச்சேரியில இருக்கா, ரெண்டு பேரு இல்ல. குரூப்ல இன்னும் இழுபறிதான், மண்டபச் செலவு கூடும், சாப்பாட்டு எல கூடும், பேனர்ல 94-ன்னு போடுறதா 87-ன்னு போடுறதான்னு அதுக்கே ஒரு வாரம் சண்ட போட்டானுக. பங்குனியில செண்பகவல்லி அம்மன் தேருக்கு வெளியூர்க்காரங்கள்லாம் வருவாங்க, அத ஒட்டி வச்சிரலாம்னு ஒரு யோசன இருக்கு. சனிக்கிழமைன்னு முடிவாகப் போன நேரத்துல ஹாக்கிக்காரன்தான் போன் பண்ணினான்: "சனிக்கிழம ஆபீஸ்ல சம்பளம் போடுற நாளு மாப்ள, நம்ம ஆளுங்க ஒருத்தரும் வர முடியாது, ஞாயித்துக்கிழம வைங்க." ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டோம்.